திரைப்பாட்டிற்குப் பொற்காலம் உண்டோ?

1. வழக்கு

பழனியை அடுத்து மலையடிவாரத்தை நோக்கி அமைந்த பாலசமுத்திரம் யான் பிறந்து வளர்ந்த ஊர். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் காவடி சுமந்து பழனிக்குச் செல்லும் அடியார் கூட்டத்தால் சுற்றுப்புறத்துச் சாலைகள் நிறையும், ஒலிபெருக்கிகள் ஓயா. அந்நாள்களில் ஊர்த் தேநீர்க்கடையில் கூடுவோரிடையே ஆண்டு தவறாமல் ஒரு வழக்கு எழுவதுண்டு. தமிழ்த் திரைப்பாட்டு எந்தப் பத்தாண்டில் உச்சநிலை எய்தியது என்பதே அவ்வழக்கு.

முதியோர் 1960களை முன்னிறுத்துவர். விசுவநாதன்-இராமமூர்த்தியின் இசையும், கண்ணதாசனின் சொல்லும், டி.எம். சௌந்தரராசன், பி. சுசீலா ஆகியோரின் குரலும் ஒருங்கே கூடிய காலம் அதுவே என்பது அவர்தம் துணிபு. நடுவயதினர் 1980களைக் காட்டுவர். பண்ணைப்புரத்து இளையராஜா நாட்டுப்புற மெட்டையும் மேலைநாட்டு வயலின் வரிசையையும் ஒரே பாட்டில் இணைத்துக் காட்டினார் என்பர். இளையோரோ ‘ரோஜா’ வெளிவந்த 1992-க்குப் பின் தோன்றியவற்றையே பாட்டென மதிப்பர். இவர் அனைவர்க்கும் மூத்தார் ஒருவர் இருந்தால், ‘ஹரிதாஸ்’ (1944) படத்தில் தியாகராஜ பாகவதர் பாடியதைக் கேளாத செவி செவியன்று என்று ஒரே சொல்லில் வழக்கை முடிக்க முற்படுவார். தேநீர் ஆறிவிடும், வழக்கு ஆறாது.

தேநீர்க்கடை வழக்கைத் தமிழ்த்துறை ஆராய்தல் தகுமோ எனின், தகும் என்பதே எம் விடை. ஏனெனின், கடையில் விளையாட்டாக எழும் இத்தீர்ப்பு ஆய்வேட்டில் வினையாகவே வந்து அமர்ந்துவிடுகிறது. திரைப்பாட்டை ஆராயப் புகும் முதுகலை மாணவர் பலர், ‘பொற்காலம்’ என்னும் சொல்லைச் சான்று வேண்டாத முடிபாகக் கொண்டே தொடங்குகின்றனர். பொற்காலம் என்று ஒன்றனை வகுத்துவிட்டால், அதற்கு முன்னது முயற்சிக் காலமாகவும் பின்னது வீழ்ச்சிக் காலமாகவும் தாமே ஆகிவிடுகின்றன. முயற்சிக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களைத் தேடுவார் இலர். வீழ்ச்சிக் காலத்துப் பாட்டை ஊன்றிக் கேட்பாரும் இலர். ஆகவே, பொற்காலம் என்னும் பெயரீடு எதனைக் காப்பது, எதனை இழப்பது என்பதை முடிவு செய்யும் ஆற்றலுடையது. அதனை ஆராயாது விடுதல் பிழை.

2. பத்தாண்டு ஓர் அளவுகோல் ஆமோ?

முதற்கண், பத்தாண்டு என்னும் அளவு பாட்டின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. ஆண்டெண்ணின் கடைசி இலக்கத்திலிருந்து பிறந்தது. இஃது எத்துணைப் பிழைபடும் என்பதற்குச் சில சான்றுகள் போதும்.

பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1959 அக்டோபரில் தம் இருபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவர் பாட்டு இடம்பெற்ற ‘திருடாதே’ 1961-இல் வெளிவந்தது. அப்பாட்டு எந்தப் பத்தாண்டினது? எழுதிய கை நின்றது ஒரு பத்தாண்டில். மக்கள் செவிமடுத்தது மற்றொரு பத்தாண்டில். ‘கப்பலோட்டிய தமிழன்’ அதே 1961-இல் வந்தது. அதன் பாட்டுகள் 1921-இல் மறைந்த பாரதியாருடையவை, இசை ஜி. இராமநாதனுடையது. ‘அருணகிரிநாதர்’ (1964) படத்தில் டி.எம். சௌந்தரராசன் பாடிய திருப்புகழ் பதினைந்தாம் நூற்றாண்டினது. 1960களின் சிறப்பிற்குச் சான்றாக இப்பாட்டுகளைக் காட்டுவோர், தம்மையறியாமல் ஐந்நூறு ஆண்டுகளைப் பத்தாண்டுக்குள் அடைக்கின்றனர்.

இசையமைப்பாளரை நோக்கினும் இதுவே நிலை. விசுவநாதன்-இராமமூர்த்தி இணை ‘பணம்’ (1952) தொடங்கி ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) வரை இயங்கிற்று. பத்தாண்டுக் கணக்கு அதனை நடுவே வெட்டி இரண்டாக்குகிறது. எங்கள் ஊர்ப்பகுதிக்கு அணித்தாக, உடுமலைப்பேட்டையைச் சார்ந்த பூளவாடியில் 1899-இல் பிறந்த உடுமலை நாராயணகவி, நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். ‘வேலைக்காரி’ (1949), ‘நல்லதம்பி’ (1949) முதலிய படங்களுக்குப் பாட்டெழுதினார். அவருடைய சொல் நாடகக் கொட்டகையில் கூர்மை பெற்றது; திரையில் பரவல் பெற்றது. அவரை 1940களின் கவிஞர் என்பதோ 1950களின் கவிஞர் என்பதோ, ஆற்றை ஒரு பாலத்தின் பெயரால் அழைப்பது போலாகும்.

3. இளமையும் மறதியும்

இனி, பத்தாண்டைத் தேர்ந்தெடுப்போர் உண்மையில் எதனைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதை நோக்குவோம். 1989-இல் மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், 1932 முதல் 1986 வரை அந்நாட்டில் பரவலாக வழங்கிய 28 பாட்டுகளைப் பல வயதினர்க்கும் கேட்பித்து அவர்தம் விருப்பை அளந்தனர். ஒருவர் தம் இருபத்துநான்காம் வயதை ஒட்டிக் கேட்ட பாட்டுகளையே மிகுதியும் விரும்புகின்றார் என்பது அவர் கண்ட முடிபு. எங்கள் தேநீர்க்கடை வழக்கில் ஒவ்வொருவரும் எடுத்துரைத்த பத்தாண்டை அவரவர் பிறந்த ஆண்டோடு வைத்து எண்ணினால் கணக்கு ஏறத்தாழ ஒத்துவருவதைக் காணலாம். அவர் போற்றுவது பாட்டை மட்டுமன்று; அதனைக் கேட்ட தம் இளமையையும் சேர்த்தே போற்றுகின்றார். இளமையைப் போற்றுதல் குற்றமன்று. ஆயின், அது திறனாய்வு ஆகாது.

மறதியும் ஒரு நடுவராக இருந்து தீர்ப்பளிக்கிறது. தமிழ் பேசத் தொடங்கிய முதற் படமாகிய ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது; அதன் படச்சுருள் இன்று இல்லை. ‘பவளக்கொடி’ (1934) போன்ற தொடக்கக்காலப் படங்களில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள் இருந்தன. அவற்றுள் இன்று நம் செவிக்கு எட்டுவன சிலவே. 1960களில் வெளிவந்த பாட்டுகளுள்ளும் பெரும்பகுதி மறைந்துபோயிற்று, நல்லன நின்றன. நேற்று வந்த பாட்டுகளுள் நல்லவும் அல்லவும் கலந்தே ஒலிக்கின்றன. சலித்தெடுத்த நெல்லையும் களத்து மேட்டில் கிடக்கும் நெல்லையும் அருகருகே வைத்து, முன்னைய விளைச்சலே தூயது என்பார் கூற்றை உழவர் ஒப்பார்.

4. முன்னோர் கண்ட முறை

அற்றேல், பாட்டுகளை எவ்வாறு வகுத்து ஒப்பிடுவது? இதற்கு நம் முன்னோர் வழி காட்டியுள்ளனர். சங்கப் பாட்டுகளைத் தொகுத்தோர் அவற்றைக் காலவரிசையில் அடுக்கினாரல்லர். நான்கடி முதல் எட்டடி வரையின குறுந்தொகையாகவும், ஒன்பதடி முதல் பன்னிரண்டடி வரையின நற்றிணையாகவும், பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரையின அகநானூறாகவும் அமைந்தன. அகநானூற்றில் ஒற்றைப்பட்ட எண்ணுடையன பாலை. நான்கு, பதினான்கு என வருவன முல்லை. பத்து, இருபது என வருவன நெய்தல். புலவர் எக்காலத்தவர் என்பதைத் தொகுத்தோர் பொருட்படுத்தவில்லை. எத்திணை, எத்துறை, யார் கூற்று, யாரை நோக்கியது என்பனவற்றையே பொருட்படுத்தினர். அதனால் நூற்றாண்டு இடையிட்ட இரு புலவர் ஒரே துறையில் அருகருகே நின்று, ஒருவர்க்கு ஒருவர் உரைகல் ஆகின்றனர்.

திரைப்பாட்டிற்கு இம்முறை பொருந்துமோ என ஐயுறுவார்க்குத் தொல்காப்பியச் செய்யுளியலில் இடமுண்டு. ஆண்டுப் பண்ணத்தி என்னும் ஒருவகை கூறப்படுகிறது. அதற்கு உரை கண்ட பேராசிரியர், புலவர்தம் ஏட்டு வழக்கிற்குப் புறத்தே மக்களிடை வழங்கும் வஞ்சிப்பாட்டு, மோதிரப்பாட்டு, கடகண்டு முதலியவற்றை எடுத்துக்காட்டாகத் தருவர். மக்கள் வாயில் பயிலும் இசைப்பாட்டையும் செய்யுள் இலக்கணத்துள் வைத்து எண்ணிய மரபு நம்முடையது. இன்று பண்ணத்தியின் இடத்தில் நிற்பது திரைப்பாட்டே என்பது எம் கருத்து. ஆகவின், அதனைத் துறைவழி நோக்குதல் புதுமையன்று. பழைய நெறியை மீட்டுக் கொள்ளுதலேயாம்.

5. ஒரு துறை, ஐந்து பாட்டு

எடுத்துக்காட்டாகத் தொட்டிற்பாட்டு என்னும் ஒரு துறையை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். குழந்தையை முன்னிறுத்திப் பாடும் இத்துறை, பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டியது முதல் பிள்ளைத்தமிழின் தாலப்பருவம் வரை ஏட்டிலும், ஊர்தோறும் பெண்டிர் நாவிலும் பயின்று வந்தது. கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) ஆகியவை நாட்டுப்பாடலை அச்சேற்றிய அதே ஆண்டுகளில், திரையும் அத்துறையைத் தன்வயப்படுத்திக்கொண்டிருந்தது.

முதலாவது, ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் பட்டுக்கோட்டையார் எழுதிய பாட்டு. தாலாட்டு உறங்கச் சொல்வது. இப்பாட்டோ சிறுவனை உறங்காதிருக்கச் சொல்கிறது. துறையின் உள்ளீட்டைத் தலைகீழாக்கியதே இதன் ஆற்றல். உறக்கம் என்பது அறியாமைக்கும் சோம்பலுக்கும் குறியீடாகிறது, தொட்டில் நாடாகிறது. குறை ஒன்றுண்டு. பாடுவோன் குழந்தையைப் பார்த்துப் பாடினும் குழந்தையோடு பேசவில்லை. அதன் தலைக்கு மேலாக அவையோரை நோக்கிப் பேசுகிறான். அறவுரை ஓங்கியபொழுது குழந்தை சிறுத்துவிட்டது.

இரண்டாவது, ‘பாசமலர்’ (1961) படத்தில் கண்ணதாசன் எழுதி விசுவநாதன்-இராமமூர்த்தி இசையமைத்தது. மனம் வேறுபட்டுப் பிரிந்த அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டுகின்றனர். செவியுறும் குழந்தைகள் பொருளறியா. பொருளறியவேண்டிய உடன்பிறப்போ அருகில் இல்லை. இஃது அகப்பாட்டின் நெறி. தலைவன் கேட்கத் தோழி பிறிதொன்றை நோக்கிக் கூறும் சிறைப்புறக் கூற்றை இது நினைவூட்டும். ஆண்டுக் கேட்போன் வேலிப்புறத்தே நிற்பான். ஈண்டு அவனும் இல்லை என்பதே அவலம். நாட்டுப்புறத் தாலாட்டின் நடுப்பொருள் தாய்மாமன் சீர். அம்மாமனே பிரிந்து நிற்கும் நிலையைக் கவிஞர் தேர்ந்தமையால், ஊர்ப்பெண்டிர் நன்கறிந்த மரபு முழுதும் பாட்டின் பின்னே நின்று அதற்கு வலுவூட்டுகிறது. படத்தின் கதை முழுவதும் இப்பாட்டில் அடங்கியுள்ளது. எனினும் படம் பாராதவர்க்கும் அது தாலாட்டாகவே நிற்கும்.

மூன்றாவது, ‘மூன்றாம் பிறை’ படத்தில் கண்ணதாசன் எழுதி, இளையராஜா இசையமைத்து, கே.ஜே. யேசுதாஸ் பாடியது. கவிஞர் 1981 அக்டோபரில் மறைந்தார். படம் 1982 பிப்ரவரியில் வந்தது. 1960களின் கவிஞர் எனப்படுவாரும் 1980களின் இசைஞர் எனப்படுவாரும் ஒரே பாட்டில் கூடிய இதனை எந்தப் பத்தாண்டின் கணக்கில் எழுதுவது? பொருளை நோக்கின், தாலாட்டப்படுபவள் குழந்தையல்லள். விபத்தால் குழந்தை மனம் எய்திய இளமங்கை. பாடுவோன் தாயுமல்லன். காதலைத் தாலாட்டின் உள்ளே அடக்கிவைக்கவேண்டிய இந்நெருக்கடியே சொற்களைச் சுருங்கச் செய்தது. கருவியிசையும் குரலை மூடாது ஒதுங்கி நிற்கிறது. இசையும் சொல்லும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுப்பதில் இப்பாட்டு ஏனை நான்கையும் விஞ்சும்.

நான்காவது, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தின் தலைப்புப் பாட்டு. வைரமுத்து எழுத, ஏ.ஆர். ரகுமான் இசையமைக்க, சின்மயியும் பி. ஜெயச்சந்திரனும் பாடினர். ஈழத்துப் போரால் தாயைப் பிரிந்து, தமிழ்நாட்டுக் குடும்பத்தில் வளரும் சிறுமியை முன்னிறுத்தியது. பெற்றவள் வேறு, வளர்த்தவள் வேறு என்னும் நிலை தாலாட்டிற்குப் புதிது. பழைய தாலாட்டில் உறவுமுறை ஐயத்திற்கு இடமற்றது. மாமன் யார், பாட்டன் யார் என எண்ணி எண்ணிச் சொல்வதே அதன் இன்பம். இப்பாட்டில் உறவே வினாவாகிறது. பொருளால் துறையை விரித்த பெருமை இதற்குரியது. எனினும், இதன் இசை பல கருவிகளின் துணையோடு விரிந்து செல்வது. தொட்டிலருகே தனிக்குரலில் பாடுங்கால் பாதிப்பாட்டே எஞ்சும்.

ஐந்தாவது, ‘தங்கமீன்கள்’ (2013) படத்தில் நா. முத்துக்குமார் எழுதி யுவன் சங்கர் ராஜா இசையமைத்தது. மகளுக்குத் தந்தை பாடுவது. பள்ளிக் கட்டணம் செலுத்தவும் இயலாத தந்தை, தான் தர இயலாதவற்றின் இடத்தில் சொல்லை வைக்கிறான். தாலாட்டில் வழக்கமாக வரும் பொற்றொட்டிலும் முத்துச்சரமும் வறியோரின் கற்பனைச் செல்வமேயன்றோ? அவ்வழக்கை இப்பாட்டு பொன்னும் முத்தும் இன்றியே தொடர்கிறது. தந்தையின் குரலைத் தொட்டிலருகே கொணர்ந்தமை இதன் சிறப்பு.

இவ்வைந்தனுள் எது சிறந்தது எனின், எம் தீர்ப்பு ‘பாசமலர்’ பாட்டிற்கே. ஆயின், அது 1960களில் தோன்றியமையால் சிறந்ததன்று. ஊர்ப்பெண்டிர் ஆக்கிவைத்த மரபு முழுவதையும் தன்னுள் வாங்கிக்கொண்டமையாலும், வாங்கியதை அவர்க்கே திருப்பித் தந்தமையாலும் சிறந்தது. இத்தீர்ப்பை மறுப்பார் மறுக்கலாம். மறுக்கப் புகுவார் இனிப் பத்தாண்டைப் பற்றியன்று, பாட்டைப் பற்றிப் பேசியாகவேண்டும். அதுவே இம்முறையால் விளையும் பயன்.

6. தடையும் விடையும்

இதற்கு மூன்று தடைகள் எழலாம்.

தொட்டிற்பாட்டு சொல்லுக்கு முதன்மை தரும் துறை. அதனை அளவாகக் கொள்வது இசையின் சிறப்பை மறைக்கும் என்பது ஒன்று. இத்தடை வலிமையுடையது. ‘அன்னக்கிளி’ (1976) முதலாக இளையராஜா ஆக்கிய பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்திற்கும் இடையே வரும் கருவியிசை வெறும் நிரப்பன்று. பொருளைச் சொல்லின்றி முன்னெடுத்துச் செல்லும் பகுதி. அதனைச் சொல்லின் அளவால் அளத்தல் தகாது. இதனால் புலப்படுவது யாதெனின், 1960களை உயர்த்துவோரும் 1980களை உயர்த்துவோரும் உண்மையில் இருவேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதே. முன்னவர் அளவுகோல் சொல். பின்னவர் அளவுகோல் இசை. அளவுகோலை வெளிப்படக் கூறிவிட்டால் வழக்கின் பாதி தானே தீரும்.

சில காலங்களில் ஆற்றல் மிக்கோர் பலர் ஒருங்கே தோன்றுதல் உண்டன்றோ என்பது மற்றொன்று. உண்டு. 1950களின் இடையிலிருந்து 1960களின் இடைவரை, நாடக மேடையில் பயின்ற கவிஞரும் இசைஞரும் திரைக்கூடத்தில் ஒருங்கமர்ந்து பாட்டாக்கினர். மேடையில் பாட்டு உடனே பொருள் விளங்கவேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்தாரையும் எட்டவேண்டும். அப்பயிற்சி அக்காலப் பாட்டிற்குத் தெளிவைத் தந்தது. இஃது ஒரு காரணம், ஆராயத்தக்க காரணம். ‘பொற்காலம்’ என்பதோ காரணம் கூறுவதன்று. காரணம் தேடுவதை நிறுத்துவது.

ஐந்து பாட்டால் அறுபது எழுபது ஆண்டுகளை அளத்தல் கூடுமோ என்பது மூன்றாவது. கூடாது. யாம் அளக்க முற்படவில்லை. அளக்கும் நெறியைக் காட்டவே முற்பட்டோம். வழிநடைப்பாட்டு, ஏற்றப்பாட்டு, எள்ளற்பாட்டு, கையறுநிலை என ஏனைத் துறைகளையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். ஒரு துறையில் ஒரு காலம் முந்தும். மற்றொரு துறையில் மற்றொரு காலம் முந்தும்.

7. பொதுக்கேள்வி

எனினும், ஊர் முதியவர் 1960களைப் பற்றிப் பேசுங்கால் அவர் குரலில் ஓர் இழப்புணர்வு தோன்றுகிறது. இளமை கழிந்தமையை மட்டும் அதற்குக் காரணமாகக் கூறி அமைதல் ஆகாது. அவர் இழந்தது வேறொன்றும் உண்டு.

1952-இல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்புத்துறை அமைச்சரானபின் அனைத்திந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கிற்று. மக்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டது. அக்காலத்து ஊரில் வானொலிப்பெட்டி எல்லா வீட்டிலும் இல்லை. ஒரு வீட்டில் ஒலித்தால் தெருவே கேட்கும். திருமண வீட்டு ஒலிபெருக்கி ஒலித்தால் ஊரே கேட்கும். ஒரே பாட்டை ஒரே வேளையில் பலரும் கேட்ட நிலை அது. 1980களில் ஒலிநாடா பரவியபின் அவரவர் விரும்பியதை அவரவர் கேட்கலாயினர். இன்று பாட்டு ஒவ்வொருவர் கைப்பேசியிலும் தனித்தனியே அடங்கிக் கிடக்கிறது. முதியவர் ஏங்குவது அப்பாட்டிற்காக மட்டுமன்று. அப்பாட்டைத் தம்மோடு கேட்ட தெருவிற்காகவும் ஆகும். இப்பொதுக்கேள்வியின் இழப்பைப் பாட்டின் தரக்குறைவாகப் பிறழ உணர்வதே ‘வீழ்ச்சிக் காலம்’ என்னும் கொள்கைக்கு அடிப்படை என்று கருதுகின்றோம்.

இதனினும் நுட்பமான மாற்றம் ஒன்றனை எம் இல்லத்தே கண்டேம். எம் அன்னையார் எழுத்தறியாதவர். எம் தங்கையைத் தொட்டிலிட்டு அவர் பாடியது ‘பாசமலர்’ பாட்டே. ஆயின், படத்தில் உள்ளவாறு அன்று. ஏற்றமான சங்கதிகளை விட்டுவிட்டு, தொடக்கத்து மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் எம் மாமன்மார் பெயரையும், அவர் கொணர்ந்த பழனிச் சந்தைப் பொருள்களையும், ஊர்ப் பெருமாள் கோயிலையும் இட்டு நிரப்பிப் பாடுவார். ஒருநாள் பாடியது மறுநாள் இராது. மாமன் ஒருவரோடு மனத்தாங்கல் நேர்ந்த ஆண்டில் அவர் பெயர் பாட்டிலிருந்து நீங்கிற்று. உறவு மீண்டபின் பெயரும் மீண்டது. கவிஞர் திரைக்கு எழுதிய பிரிவுத் தாலாட்டு, எம் வீட்டில் உண்மைப் பிரிவின் கணக்கேடாகவே ஆயிற்று. அன்று யாம் அதனைப் பிழையாகப் பாடுதல் என்று எண்ணித் திருத்தவும் முற்பட்டோம். கல்லூரியில் பண்ணத்தி நூற்பாவைக் கற்ற நாளிலேதான் பிழை எம்முடையது என்பது விளங்கிற்று. அன்னையார் மறைந்துவிட்டார். அவர் பாடிய வடிவங்களுள் ஒன்றையேனும் எழுதி வைத்தோமல்லோம்.

இன்று தங்கையின் பேரக்குழந்தை உறங்குவதும் பாட்டைக் கேட்டே. ‘தங்கமீன்கள்’ பாட்டு தொட்டிலருகே வைத்த கைப்பேசியிலிருந்து ஒலிக்கிறது. பாட்டு நல்லது, குழந்தையும் உறங்குகிறது. குழந்தையின் தாய் உடன் முணுமுணுப்பதும் உண்டு. ஆனால், ஒரு சொல்லையும் அவள் மாற்றுவதில்லை. மாற்றலாம் என்ற எண்ணமும் அவளுக்கு எழுவதில்லை. பாட்டு எப்பொழுதும் பிழையற்ற வடிவில் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், பிழையாகப் பாடும் உரிமை அவளை விட்டு நீங்கிவிட்டது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பத்தாண்டு என்பது திரைப்பாட்டை அளக்கும் கோல் ஆகாது. அது கேட்போர் வயதையும் மறதியின் சலிப்பையும் அளக்கிறது. பாட்டுகளைத் துறைவழி நிறுத்தி, யார் கூற்று, யாரை நோக்கியது, மரபில் எதனைக் கொண்டது, எதனை மாற்றியது என ஆராயின், காலம் கடந்த ஒப்பீடு இயலும், தீர்ப்பும் இயலும். அவ்வாறு நோக்குங்கால், ஒரு திரைப்பாட்டின் தலையாய சிறப்பு, மக்கள் அதனைத் தமதாக மாற்றிப் பாட இடந்தருதலே என்பது எம் துணிபு.

இதனால் தமிழ்த்துறைக்கு ஒரு கடமை எழுகின்றது. உடுமலை நாராயணகவி, பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம், மருதகாசி ஆகியோர் ஆக்கங்களைத் தமிழ்நாட்டரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. அச்சில் உள்ள வடிவத்திற்கு அக்காப்பு உண்டு. ஊர்ப்பெண்டிர் நாவில் அப்பாட்டுகள் பெற்ற மறுவடிவங்களுக்கு எக்காப்பும் இல்லை. நாட்டுப்பாடலைத் தொகுக்கச் செல்லும் மாணவர், முதியவள் ஒருத்தி திரைமெட்டில் பாடத் தொடங்கியவுடன் ‘இது திரைப்பாட்டு, வேண்டா’ என ஒலிப்பதிவை நிறுத்துவதை யாம் கண்டதுண்டு. நிறுத்தற்க. நாட்டுப்பாடலும் திரைப்பாட்டும் கலந்த அவ்விடத்தேதான் பண்ணத்தி உயிரோடிருக்கிறது. அவ்வாறு பாடவல்லார் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர். பொற்காலம் எது என்னும் வழக்கு இன்னும் ஐம்பது ஆண்டு காத்திருக்கும், அவர் காத்திரார்.